பேண்ட் 5-லேயே நின்றுவிடுவேனா என்று கேட்ட தங்கைக்கு

நீ கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல பேர் இருப்பார்கள். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஆறு வருஷம் ஐசியு டியூட்டி பார்த்துவிட்டு, சில மாதங்களுக்கு முன் இங்கிலாந்து வந்திருக்கிறாய். ஆஸ்கி என்கிற செய்முறைப் பரீட்சை பாஸாகி, 'பின்' என்கிற நர்ஸ் பதிவு எண்ணும் வந்துவிட்டது. போட்டிருப்பது முதியோர் வார்டில், பேண்ட் 5-ல், அதாவது இங்கே நர்சுகளுக்கான முதல் சம்பளப் படிநிலையில். "வென்டிலேட்டர் பார்த்த நான் இங்கே குளிப்பாட்டுகிறேன், ஊட்டிவிடுகிறேன், பெட்பேன் வைக்கிறேன். கேன்யூலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போடக்கூட விடுவதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை. நர்சிங் படித்தவர்களுக்கு இங்கே இதற்கு மேல் வழி உண்டா அக்கா, இல்லை ஆஸ்திரேலியாவுக்குப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டதால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன்.

வழி நிறையவே உண்டு. ஆனால் அந்த வழி நம் ஊரில் திறக்கிற மாதிரி இங்கே திறக்காது. அது புரியாமல் நான் முழுசாக மூன்று வருஷத்தை விட்டேன். நீ விடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கம் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ படித்தவள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் ஏழு வருஷம் வேலை. 2017 தொடக்கத்தில் இங்கே வந்தேன். அப்போது ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 வேண்டும். ரைட்டிங்குக்காகவே பரீட்சையை மூன்று தடவை எழுதினேன். இப்போது ரைட்டிங்குக்கு 6.5 போதும், மருத்துவத் துறையினருக்கான ஓஈடி ஆங்கிலத் தேர்வு என்றால் சி பிளஸ். ஆனால் எங்களுக்கு ஆஸ்கியில் ஆறு ஸ்டேஷன் (தனித்தனிச் செய்முறைச் சோதனை), உங்களுக்குப் பத்து. அதைத் தாண்டி வந்திருக்கிறாய் என்றால் உன் கைக்கு வேலை தெரியும் என்று இந்த நாடே ஒப்புக்கொண்டுவிட்டது. அதில் சந்தேகமே வேண்டாம்.

குளிப்பாட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன், உன் மனசை அதிகம் அறுப்பது அதுதான் என்று தெரிகிறது. நம் ஊரில் நோயாளியோடு ஒரு அட்டெண்டர் இருப்பார். அம்மா, மனைவி, மகள், யாராவது ஒருத்தர். துடைப்பது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்கள் கையில். இல்லாவிட்டால் ஆயாம்மா. நர்சுக்கு ஊசி, டிரிப், ஃபைல், டாக்டர் ரவுண்ட்ஸ். இங்கே அட்டெண்டர் என்று ஒருவர் இல்லவே இல்லை. அந்த வேலை நர்சிங்கில் சேர்ந்த வேலை; ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் கூட நிற்பார், பொறுப்பு நம்முடையது. உன்னைக் கீழே இறக்கியதாக நினைக்காதே. உன் வார்டில் இருபது வருஷ அனுபவம் உள்ள வெள்ளைக்காரச் சிஸ்டரும் கையுறை மாட்டிக்கொண்டு இதைத்தான் செய்கிறார், கவனித்துப் பார்.

(சிஸ்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் நர்ஸ் எல்லாருமே சிஸ்டர்தான். இங்கே அது ஒரு பதவியின் பெயர், பேண்ட் 6, 7-ல் இருப்பவர்களுக்கு. வந்த புதிதில் எல்லாரையும் சிஸ்டர் என்று கூப்பிட்டு நிறையப் பேரைக் குழப்பியிருக்கிறேன்.)

என் வேலைப் பாதையே ஒரு குளிப்பாட்டலில்தான் ஆரம்பித்தது. 2018-ல் ஒரு காலை டியூட்டி. கரீபியன் தீவுகளிலிருந்து இளவயதில் வந்து இங்கேயே வயதான ஒரு பாட்டி, கறுப்புத் தோல். சார்ட்டில் இரண்டு நாளாகத் தோல் நன்றாக இருக்கிறது என்று எழுதி வந்திருந்தது. கால் துடைக்கும்போது இடது குதிகாலைப் பிடித்தேன். வலதைவிட நல்ல சூடு. விரலால் அழுத்தினால் கனிந்த கொய்யா மாதிரி அமுங்கியது. பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று பாடத்தில் இருக்கிறதே, அந்தச் சிவப்பு வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும். கறுப்புத் தோலில் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூடு, கடினம், கொழகொழப்பு, வலி, இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதுரை வார்டில் இடுப்பெலும்பு உடைந்து மாசக்கணக்கில் படுத்திருந்தவர்களைப் பார்த்த எனக்கு அது கையோடு வந்த பழக்கம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிட்டேன். நோட்ஸில் எழுதினேன், புண்களைக் கவனிக்கும் டிஷ்யூ வயபிலிட்டி டீமுக்கு ரெஃபரல் போட்டேன்.

மறுநாள் அந்த டீமிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். பாட்டியின் காலைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். எங்கள் ஊரில் யாருக்கும் தோல் சிவக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். உங்கள் வார்டுக்கு லிங்க் நர்ஸ் இல்லை, நீ இருக்கிறாயா என்று கேட்டார். லிங்க் நர்ஸ் என்றால் சம்பளம் ஒரு பென்ஸும் ஏறாது. புண் பராமரிப்பு, சர்க்கரை, கிருமித் தடுப்பு என்று ஒவ்வொரு துறைக்கும் வார்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக் கூட்டத்துக்குப் போய், கற்றதை வார்டுக்குச் சொல்லித்தர வேண்டும். பலர் வேண்டாம் என்பார்கள். உன் வார்டில் எது காலியாக இருக்கிறது என்று இந்த வாரமே கேள்.

சரி, நான் விட்ட மூன்று வருஷத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் சீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறது. ஒழுங்காக வேலை பார்த்தால் ஒரு நாள் இன்சார்ஜ் ஆக்குவார்கள் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இங்கே கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். 2025-26 கணக்குப்படி இங்கிலாந்தில் பேண்ட் 5 ஆரம்பம் வருஷத்துக்கு 31,049 பவுண்டு, இரண்டு வருஷம் முடிந்தால் 33,487, நான்கு முடிந்தால் 37,796. அதோடு சரி. பொதுவான ஊதிய உயர்வைத் தவிர அதற்கு மேல் படி கிடையாது, இருபது வருஷம் நின்றாலும். பேண்ட் 6 தொடங்குவதே 38,682-ல். அந்த வேலை விளம்பரமாக வரும். அதே வார்டில் பத்து வருஷம் இருந்தவரும் விண்ணப்பித்து, இன்டர்வியூ போய்த்தான் வாங்க வேண்டும். (உன் ஆறு வருஷ இந்திய அனுபவத்தைச் சம்பளப் படியில் சேர்த்தார்களா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேள். கேட்டவர்களுக்குச் சில இடங்களில் சேர்த்திருக்கிறார்கள்.)

2019 கடைசியில்தான் முதல் இன்டர்வியூ போனேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். வார்டில் படுக்கைப் புண்ணைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து தினமும் தோலைப் பார்த்தோம், நாங்கள் டைம்டேபிள் போட்டோம், எங்கள் மேனேஜர் ரொம்ப உதவினார் என்றேன். அந்த டைம்டேபிளை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து போட்டது நான். ஒரு தடவைகூட "நான்" என்று சொல்லவில்லை. வேலை கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது, நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள் என்பது எங்களுக்குப் புரியவே இல்லை என்றார்கள். நாலு பேர் செய்ததை நான் செய்தேன் என்று சொன்னால் நமக்கு நாக்கு கூசும். ஆனால் நீ செய்ததை நீ செய்தாய் என்று சொல்வதில் கூச என்ன இருக்கிறது? அன்றைக்கு என்ன நிலைமை, உன் பொறுப்பு என்ன, நீ எடுத்த நடவடிக்கை என்ன, முடிவு என்ன. நான்கு விஷயம், அந்த வரிசையில். சமையல் செய்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பழகினேன். நடுவில் கோவிட் வந்து எல்லாம் நின்றது. 2021-ல் இரண்டாவது தடவை டிஷ்யூ வயபிலிட்டியில் பேண்ட் 6 கிடைத்தது. ஜி.என்.எம். என்பதால் டிப்ளமோவைப் பட்டமாக்கும் டாப்-அப் டிகிரியைப் பகுதி நேரமாக முடித்தேன், உன்னிடம் பி.எஸ்சி. இருப்பதால் அந்த இரவுகள் உனக்கு மிச்சம்.

விளம்பரத்தில் கீழே ஒரு போன் நம்பர் போட்டிருப்பார்கள், விவரம் வேண்டுமென்றால் பேசலாம் என்று. நம்மில் முக்கால்வாசிப் பேர் கூப்பிட மாட்டோம், தொந்தரவு என்று நினைப்போம். கூப்பிடு. நேரில் வந்து பார்க்கலாமா என்று கேள். அவர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான். பர்சன் ஸ்பெசிஃபிகேஷனில், அதாவது வேலைக்கு வேண்டிய தகுதிப் பட்டியலில், கட்டாயம் என்று போட்டிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் உன் விண்ணப்பத்தில் ஒரு பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷார்ட்லிஸ்டிலேயே விழுந்துவிடும்.

உன் விஷயத்தில், ஐசியுதான் மனசு என்றால் பேண்ட் 5 ஐசியு இடங்கள் அவ்வப்போது வரும், பேண்ட் 6-க்குக் காத்திருக்காமல் அதற்கே போ. அங்கே தேசியத் திறன் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள், படிப்படியாக முடித்து, பிறகு பல்கலைக்கழகத்தின் கிரிட்டிகல் கேர் படிப்பு. அதன் பிறகு பேண்ட் 6 வழக்கமான அடுத்த படி. கேன்யூலா விடாதது உன் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவர்கள் பயிற்சியில் உட்கார்ந்து, சில தடவை மேற்பார்வையில் போட்டுக் கையெழுத்து வாங்கும்வரை இங்கே படித்த நர்சும் போட முடியாது. ஐவி மருந்துக்கும் இதே கதைதான். பயிற்சித் தேதி வரும் என்று காத்திருக்காதே, நீயே மெயில் போடு.

ஐசியு மட்டும்தான் பெரிய வேலை என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வை. நம் ஊரில் இல்லாத, இருந்தாலும் நாம் பார்த்திராத வேலைகள் இங்கே நர்சுகளுக்கு உண்டு. வீடு வீடாகப் போகும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ், பிறந்த குழந்தையையும் தாயையும் பார்க்கும் ஹெல்த் விசிட்டர், இரண்டுக்கும் தனிப் படிப்பு. ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பிராக்டிஸ் நர்ஸ் என்றால் நைட் டியூட்டி கிடையாது. மருந்து ஆய்வுகளில் ரிசர்ச் நர்ஸ் வேலை நம்மவர்களுக்கு நன்றாக ஒத்துவரும், ஏனென்றால் ஃபைல் எழுதுவதில் நாம் கெட்டி. வெளிநாட்டிலிருந்து வரும் நர்சுகளை ஆஸ்கிக்குத் தயார் செய்யும் பிராக்டிஸ் எஜுகேட்டர்களில் பலர் அதே பரீட்சை எழுதி வந்தவர்கள். உனக்குச் சொல்லித்தந்தவரையே கேள், எப்படி வந்தீர்கள் என்று. உயரத்தில் அட்வான்ஸ்டு கிளினிக்கல் பிராக்டிஷனர். வழக்கமாக மூன்று வருஷ முதுகலைப் படிப்பு, மருந்து எழுதும் உரிமை, பெரும்பாலும் பேண்ட் 8ஏ. நோயாளியைப் பரிசோதித்து, டெஸ்ட் எழுதி, சிகிச்சை முடிவெடுக்கும் வேலை அது. ஐசியு அனுபவம் அங்கே தங்கம்.

எல்லாம் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். மேல் பேண்டுகளில் நம் நிறத்தவர்கள் குறைவு. ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களில் வெள்ளையர்களுக்கே வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று இங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் தானே வருஷா வருஷம் வெளியிடும் இன சமத்துவ அறிக்கைகள் சொல்கின்றன. எனக்குக் கோபம் வரும், இன்றைக்கும் வரும். அதனால்தான் யூனியனில் சேரச் சொல்கிறேன், ஆர்சிஎன் ஆனாலும் யூனிசன் ஆனாலும் சரி. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேள். இரண்டாவது தடவை போகும்போது அந்தக் காகிதம் உதவும்.

ஆஸ்திரேலியாவுக்குப் போவதில் தப்பே இல்லை. 2025-லிருந்து, பிரிட்டன் போன்ற நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்த நர்சுகளுக்கு அங்கே பதிவு எளிதாகிவிட்டது. வாரம் 37.5 மணி நேரம் என்றால் 48 வாரம். லீவெல்லாம் சேர்த்தால் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவரை எப்படியும் இங்கேதான். கிளம்புவதற்கு முன் ஒப்பந்தத்தில் பணம் திருப்பித் தரும் விதி இருக்கிறதா, மாதம் போகப் போக அது குறைகிறதா என்று படித்துக்கொள். எங்கே போனாலும் அங்கேயும் யாரும் கூப்பிட்டுக் கொடுக்கப் போவதில்லை, இந்த வருஷம் பழகியது அங்கேயும் பயன்படும்.

இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் பயிற்சி, ஐந்து பின்னூட்டம், ஐந்து அனுபவக் குறிப்பு கேட்பார்கள். கடைசி மாதத்தில் தேடி அலையாமல் அன்றன்று எழுதி வை, நோயாளி பெயர் இல்லாமல். இன்டர்வியூவுக்கு உதாரணம் தேடும்போதும் அதே நோட்டுதான் கை கொடுக்கும். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவையும் விட்டுவிடாதே.

அம்மாவிடம் சொல்லிவிடு. நானும் முதல் வருஷம் முழுக்க மறைத்தேன். ஒரு நாள் போனில் தானாக வாயில் வந்துவிட்டது. "உன் ஆச்சியை ரெண்டு வருஷம் நான்தானே பார்த்தேன், இதைச் சொல்லவா இத்தனை நாள்?" என்றாள். ஆச்சியின் கணுக்காலுக்கு அடியில் பழைய நூல் சேலையைச் சுருட்டி வைத்து, குதிகால் பாயில் படாமல் பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். அப்புறம் நான் என்ன டிரெஸ்ஸிங் போடுகிறேன் என்று அவள் கேட்கக் கேட்க, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒரு மணி நேரம்.

ஐசியு இடம் ஏதாவது விளம்பரம் வந்தால், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்பு. "நாங்கள்" எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.