வீட்டில் பீர் செய்து பழக ஆசை. என்ன வாங்குவது, எங்கே தொடங்குவது?

முதலில் நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் 1963 முதல் இதற்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் கையெழுத்தான சட்டம்தான் வழிவிட்டது. அனுமதியே இல்லாத இடங்களும் உண்டு.

அடுத்து, எல்லோரும் கேட்கும் மெத்தனால் பயம். பார்லி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை)ப் புளிக்கவைப்பதில் அது உண்டாவது மிக மிகச் சொற்பம். வாலை (சாராயம் காய்ச்சி வடிக்கும் கலம்) வைத்து வடிப்பது வேறு சமாச்சாரம், ஆபத்தும் வேறு. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கடைக்காரர்கள் காட்டும் பளபளப்பான 20 லிட்டர் செட்டைப் பார்த்து மயங்காதீர்கள். 5 லிட்டர் போதும். 7, 8 லிட்டர் கொள்ளும் பாத்திரம், மூடியும் ஏர்லாக்கும் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) உள்ள, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் வாளி, தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி), கழுவிய பிறகு அலச வேண்டாத சானிடைஸர், ரப்பர் குழாய். அவ்வளவுதான். மால்ட்டை நீங்களே அரைத்து 65-68 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கும் வேலையை முதல்முறை தொடாதீர்கள். அதை ஏற்கெனவே செய்து உலர்த்திய பொடிதான் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். ‘அது போங்காட்டம்’ என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆறு, ஆறரை லிட்டர் தண்ணீரில் சுமார் 600 கிராம் பொடியைக் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். பொங்கும், அடுப்பை விட்டு நகராதீர்கள். நடுத்தரக் கசப்புள்ள ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ) 10 கிராம் போட்டு ஒரு மணிநேரம் கொதிக்க வேண்டும். நீண்ட கொதியில்தான் அதன் அமிலங்கள் உருமாறிக் கசப்பு இறங்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் போடும் ஹாப்ஸ் வாசனைக்கு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பீரில் மருந்து நெடி அடிக்கும்.

இதுவரை நீங்கள் செய்து வைத்திருப்பது இனிப்பும் கசப்புமான ஒரு தண்ணீர்தான். அதைப் பீராக்குவது ஈஸ்ட். என் பார்வையில் உங்கள் கவனத்தில் முக்கால்வாசி இங்கேதான் போக வேண்டும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் 20 டிகிரிக்கு இறக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பின் அதில் படும் எதுவும், கரண்டி உட்பட, சானிடைஸரில் நனைந்திருக்க வேண்டும். தேய்த்துக் கழுவுவது முதல் வேலை, கிருமி நீக்குவது இரண்டாவது. அழுக்கின் மேல் சானிடைஸர் ஊற்றிப் பயனில்லை.

ஏல் என்ற வகைப் பீருக்கான ஈஸ்ட் வாங்குங்கள். ஆறியதை வாளிக்கு மாற்றி அதில் போட, 11 கிராம் பாக்கெட்டில் பாதி போதும். 18-22 டிகிரி அதற்குச் சுகம். லாகர் என்ற இன்னொரு வகையின் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும், இப்போதைக்கு அது வேண்டாம். புளிக்கும்போது வாளி தானாகவே சூடேறும் என்பதை மறக்காதீர்கள். அறை 22 என்றால் உள்ளே 25 இருக்கலாம். சூடு கூடினால் தொண்டையை எரிக்கும் காரமான ஆல்கஹால்கள் சேரும். ஈரத்துணி சுற்றி வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினாலே சில டிகிரி குறையும். விலையுயர்ந்த ஹாப்ஸ் வாங்கும் காசை இந்தக் குளிர்ச்சிக்குச் செலவழித்தால் பீர் நன்றாக வரும்.

ஏர்லாக்கில் குமிழி நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி. தொடக்கத்தில் 1.045 காட்டியது 1.010-க்கு அருகில் வந்து, இரண்டு மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும். வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: இங்கே ஏறத்தாழ 4.6.

பிறகு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் கலந்து பாட்டிலில் அடையுங்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். புளிப்பு முடியாமல் அடைத்தாலோ சர்க்கரையை அள்ளிப் போட்டாலோ பாட்டில் வெடிக்கும், கண்ணாடி தெறிக்கும். அதனால் வாயு அழுத்தம் தாங்கும் பாட்டில்களை மட்டும் எடுங்கள். இரண்டு வாரம் அறைச் சூட்டிலேயே இருட்டில் வையுங்கள். வெயில் பட்டால் ஹாப்ஸிலிருந்து ஒரு துர்நாற்றம் கிளம்பும். நிறமற்ற பாட்டில் என்றால் சீக்கிரமே கெடும், பழுப்புப் பாட்டில் ஓரளவு தாங்கும்.