புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் சமூகப்பணி படிக்கிறேன். சிறார் நீதிச் சீர்திருத்தத்தில் இளைஞர்களின் பங்கு பற்றி ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் நடத்துகிறோம். கூர்நோக்கு இல்லத்திலிருந்து (குற்றம் சாட்டப்பட்ட சிறாரை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் இடம்) வெளியே வந்த இரண்டு பையன்களை மேடையில் பேசவைக்க எண்ணம். வேறு என்ன செய்யலாம்? 16 வயதினரைப் பெரியவர்களைப் போல விசாரிப்பது சரியா?

ஒரு மாணவர், அஸ்தம்பட்டி

அன்புள்ள தம்பி,

வயதுக் கேள்வியை இன்னொரு நாள் பேசலாம். 'வேறு என்ன செய்யலாம்' என்று கேட்டீர்களே, அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மேடையை விட்டுவிடுங்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அந்தப் பையன்களின் பெயரையோ படத்தையோ ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகாமில் ஒருவர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், அந்தப் பையன் பட்டறையில் வேலை கேட்டுப் போகும் முன்பே வீடியோ அங்கே போயிருக்கும். நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள். ஆனால் அடி வாங்கப்போவது அவன்.

உள்ளே இருக்கும் பிள்ளைகள் பேச சட்டமே வழி வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி ஆறு வயதுக்கு மேற்பட்டோர் தங்கும் இல்லங்களில், பிள்ளைகளே உறுப்பினராக இருக்கும் குழந்தைகள் குழு வேண்டும். அந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் அதை 6–10, 11–15, 16–18 வயது என மூன்றாகப் பிரிக்கின்றன. சேர்த்து உட்கார வைத்தால் பெரிய பையன் பேசுவான், சின்னவன் தலையாட்டுவான். மாதம் ஒரு கூட்டம், அதற்கொரு பதிவேடு. இல்லத்தை நடத்தும் கண்காணிப்பாளருக்கு வேண்டிய பையன்களையே குழுவில் போட்டால் பதிவேட்டில் மாதாமாதம் 'உணவு நன்று' என்றுதான் இருக்கும்.

அடுத்து, புகார்ப் பெட்டி. அலுவலகத்தை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் தங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி இல்லத்தின் நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும், கண்காணிப்பாளரிடம் கூடாது. வாரம் ஒருமுறை, குழந்தைகள் குழுவினர் பார்க்கத் திறக்க வேண்டும். இதெல்லாம் விதி. விதியில் இல்லாதது ஒன்று உண்டு: பேப்பரும் பேனாவும் காவலரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தால் எவன் எழுதுவான்? கேட்ட அன்றைக்கே எழுதியவன் யார் என்று தெரிந்துவிடுமே! அதனால் வாராவாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு கொடுங்கள். எல்லோரும் மடித்துப் போடட்டும், வெற்றுச் சீட்டானாலும் சரி. எழுதத் தெரியாதவனுக்குத் தட்டு, படுக்கை, கக்கூஸ், கை ஓங்கிய ஆள் என்று படம் போட்ட சீட்டு. எதில் குறையோ அதில் ஒரு கோடு. பெட்டியைத் திறந்ததும் கலந்துவிட்டுப் படியுங்கள். என்ன நடவடிக்கை என்பதை அடுத்த வாரம் அவர்களிடமே சொல்லுங்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் மூன்றாம் வாரம் எல்லாம் வெற்றுச் சீட்டாக வரும்.

சீட்டு அச்சடிக்க, மாதக் கூட்டத்தில் சின்னவர்களோடு உட்கார, உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் வேண்டும். தன்னார்வ அமைப்புகளின் உதவியைக் குழந்தைகள் குழுவுக்குப் பெறலாம் என்று விதியே சொல்கிறது. ஒரு மாதம் வந்து மறு மாதம் பரீட்சை என்று நின்றுவிடுவதானால் வரவே வராதீர்கள். நான்கு பேர் முறை போட்டு ஓராண்டுக்குப் பெயர் கொடுங்கள். மனுவை இல்லத்து வாசலில் நீட்டாமல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஏற்காட்டு முகாமை அந்தச் சீட்டுகளைத் தயாரிக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.