மீதியை டிரைவரிடம் கொடுங்கள்!

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியை, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறேன். இப்போது ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதி 12 நாள் தங்கக் கேட்டிருக்கிறார்கள். வாடகை 60,000 ரூபாய். வங்கி வழியாக அனுப்ப 'ஐபான்' எண் கேட்கிறார் அந்தக் கணவர். என் பாஸ்புக்கில் அப்படி ஒன்றும் இல்லை. கணக்கு எண்ணைக் கொடுத்தாலே பணத்தை உருவிவிடுவார்கள் என்று மகன் பயமுறுத்துகிறான். அவருடைய அலுவலகம் 1,50,000 ரூபாயாகச் சேர்த்து அனுப்புமாம். மீதியை அவர்கள் அமர்த்தியிருக்கும் கார் டிரைவரிடம் நான் கொடுத்துவிட வேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது ஐபானைப் பற்றி. என்னைத் தூக்கிவாரிப்போட்டது உங்கள் கடைசி வரிகள். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்த நாட்களில் இந்த 'மீதி'க் கதையை நான் பல வேடங்களில் கேட்டிருக்கிறேன். ஒருமுறை சமையல்காரருக்கு, ஒருமுறை சுற்றுலா ஏஜெண்டுக்கு. உங்களுக்கு டிரைவர் வாய்த்திருக்கிறார்.

இது இரண்டு விதமாக நடக்கும். முதலாவதில் பணமே வராது. அனுப்பியதாக ஒரு ரசீது மட்டும் வரும். என் பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் அப்படி ஒன்றைக் கைபேசியில் காட்டினார். சின்னம், முத்திரை, நீளமான குறிப்பு எண், எல்லாம் லட்சணமாக இருந்தன. அனுப்பிய வங்கியின் பெயரில் மட்டும் ஓர் எழுத்தைக் காணோம்! 'டிரைவர் வாசலில் நிற்கிறார், சீக்கிரம்' என்று அதற்குள் நான்கு செய்திகள் வந்துவிட்டன. மனிதர் பீரோவைத் திறக்கப் போனவர், ஏதோ தோன்றி என்னிடம் வந்தார்.

இரண்டாவது வகையில் பணம் உண்மையாகவே வந்துவிடும், ஆனால் வேறு யாரிடமோ திருடியதாக. நீங்கள் 90,000 ரூபாயை எடுத்துக் கொடுத்த பிறகு, பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுப்பார். அவருடைய வங்கி திருப்பிக் கேட்கும். போலீஸ் விசாரணை என்று வந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்குதான். அதில்தான் உங்கள் பென்ஷனும் விழுகிறது, இல்லையா? டிரைவரை எங்கே போய்த் தேடுவீர்கள்?

அதனால் வாடகைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். அனுப்பும் கணக்கு, பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே பெயரில் இருக்கட்டும். அலுவலகம், நண்பர் என்று மூன்றாம் ஆள் வேண்டாம். தப்பித்தவறிக் கூடுதலாக வந்துவிட்டால் நீங்களாக யாருக்கும் கொடுக்காமல், வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும்படி உங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

இனி ஐபான். அவர்கள் ஊரில் கணக்கு எண்ணே அதுதான். ஜெர்மனியில் 'டிஇ' என்று தொடங்கி 22 இடங்கள் இருக்கும். இந்தியாவில் அந்த முறை கிடையாது. உங்கள் பெயர், கணக்கு எண், கிளையின் முகவரி, வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, இவை போதும். ஸ்விஃப்ட் என்பது வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு, 8 அல்லது 11 எழுத்து. பாஸ்புக்கில் இருக்கும் ஐஎஃப்எஸ்சி வேறு, இது வேறு. எல்லாக் கிளைக்கும் இது இருக்காது. எதைப் போட வேண்டும் என்று உங்கள் கிளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது, மகனிடம் சொல்லுங்கள். ஓடிபி, பின் எண் கேட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் வாங்க அவை தேவையே இல்லை.

வருகிற வழியில் இடைப்பட்ட வங்கிகள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கட்டணம் முழுவதையும் அனுப்புகிறவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். யூரோவில் வந்தால் உங்கள் வங்கி தன் விலையில்தான் ரூபாயாக்கும். இணையத்தில் பார்த்த விலையைப் பிடித்துக்கொண்டு கவுண்டரில் சண்டை போடுவதில் பயனில்லை. எதற்காக வந்த பணம் என்று வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கி விதித்த நடைமுறை அது. முன்பதிவு விவரத்தைக் கையில் வைத்திருங்கள். வரவுச் சான்றையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், வருமான வரிக்கு உதவும்.

ரசீதை நம்பி அறையை உறுதி செய்யாதீர்கள். பாஸ்புக்கில் பதிந்து பாருங்கள், அல்லது கிளையில் நேரில் கேளுங்கள். காசோலை அனுப்புகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக் காசோலை வாரக்கணக்கில் இழுத்துவிட்டுத் திரும்பியும் வரும்.

பணத்தோடு சேராத விஷயம் ஒன்று: வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவின் இணையதளத்தில் நீங்கள் பதிவு செய்தாக வேண்டும்.

இன்றைக்கே அவருக்கு எழுதுங்கள்: 60,000 மட்டும், அவர் பெயரிலுள்ள கணக்கிலிருந்து, டிரைவருக்கு அவரே கொடுத்துக்கொள்ளட்டும். நிஜமான விருந்தினர் என்றால் இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அலுவலக விதி, அவசரம் என்று மறுபடியும் மீதிக்கே வந்தால், அந்த 12 நாளுக்கு மாடியை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள்.