கிணற்றில் பதினைந்தில் ஒரு பங்கு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ரொறன்ரோவில் வசிக்கிறேன். போன வருடம் அப்பா காலமான பிறகு குடும்ப வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கினேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து அளவெட்டி. பூட்டனுக்கு முன்னால் எவரையும் தெரியவில்லை. என்னோடு வேலை செய்யும் ஐரிஷ் நண்பர் ஆறு தலைமுறையைக் கண்டுபிடித்திருக்கிறார். 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது அவர்களுடைய பழைய குடிசன மதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) ஏடுகள் அழிந்தன என்றும், அவற்றுக்கு ஈடாக நில மதிப்பீட்டுப் பட்டியலைப் பயன்படுத்தினேன் என்றும் சொன்னார். 1901, 1911 குடிசன மதிப்பில் எங்கள் வீட்டார் பெயர் எழுதிய படிவங்கள் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. நான் எதைத் தேடுவது? ஒல்லாந்தர் தோம்பில் எங்கள் பரம்பரை இருக்குமா? மரபணுப் பரிசோதனை உதவுமா? வீட்டில் அம்மம்மாவின் பழைய உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், ஒரு கட்டு இருக்கின்றன. காணி விற்று முப்பது வருடமாகிறது. அவை காணியைப் பற்றியவை என்பதால் பிரித்துப் பார்க்கவில்லை. வீடு மாறும்போது எறிந்துவிடலாம் என்று அக்கா சொல்கிறார்.

ம., ரொறன்ரோ

அன்புள்ள தம்பி ம.,

கடிதம் கிடைத்த இரவே உங்களுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன்: உறுதிகளை எறிய வேண்டாம். அதற்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் பல வீடுகளில் அந்தக் கட்டுகள் கிடக்கின்றன.

குடிசன மதிப்புக்காக ஏங்காதீர்கள். இலங்கை முழுவதற்குமான முதல் மதிப்பு 1871-இல் நடந்தது. அச்சாகி வந்த தொகுதிகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன சமயம், என்ன தொழில் என்று எண்கள்தான் வரிசையாக நிற்கும். 1981-க்குப் பிறகு வடக்கில் முழுமையாக ஒரு மதிப்பு நடக்க 2012 ஆயிற்று. முப்பத்தொரு வருடம் எங்களை எவரும் ஒழுங்காக எண்ணவில்லை. எந்த முப்பத்தொரு வருடம் என்று உங்களுக்குத் தெரியும்.

தோம்பு, வரி வாங்கவும் ஊழியம் வாங்கவும் எழுதப்பட்ட ஏடு. பெயருக்குப் பக்கத்தில் சாதியும் இருக்கும். அதைத் தேடிக் கொழும்புச் சுவடிக்கூடத்துக்குப் போகிறவர்களில் பலர் அந்த ஒரு சொல்லுக்காகவே போகிறார்கள். உங்களுக்கும் அதுதான் வேண்டுமென்றால் என்னிடம் கேட்காதீர்கள். மரபணுப் பரிசோதனையைச் செய்ய விரும்பினால் செய்யுங்கள். எங்கோ ஒரு மச்சானைக் காட்டும், அவ்வளவுதான்.

அளவெட்டிப் பக்கத்துக்குக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி அன்று கொடுக்கும் நினைவு மலர்களைச் சொல்கிறேன். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஏராளமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் வருடப் பெயர் இருக்கும். ஆனால் அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1927 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். மாதத்தையும் திதியையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க மிஷன் விடுதியில் படித்தவர் எவராவது குடும்பத்தில் இருந்தால், அவருக்கு அங்கே வேறு பெயர் இருந்திருக்கலாம். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்ணல்ட் ஆனது அப்படித்தான்.

இனி உறுதிக்கு வருகிறேன்.

‘அவை காணியைப் பற்றியவை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. உங்கள் நண்பர் கையில் எடுத்தது என்ன? 1847 முதல் 1864 வரை வெளியான கிரிபித் மதிப்பீடாக இருக்க வேண்டும். அது காணிப் பட்டியல்தான். யாருடைய நிலம், யார் குடியிருந்தார், என்ன பெறுமதி என்று வரிக்காக எழுதியது. அவர் அதற்குள் தன் மனிதர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். நீங்கள் உங்கள் அம்மம்மாவின் கையொப்பம் இருக்கும் தாளைக் குப்பைக்கு அனுப்ப யோசிக்கிறீர்கள். இன்னொன்றையும் கவனித்தேன். கடிதம் முழுக்கப் பூட்டன், பரம்பரை, அளவெட்டி. அம்மம்மா வருவது எறிகிற இடத்தில் மட்டும். அவருடைய ஊரைக்கூட நீங்கள் எழுதவில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முதலெழுத்தாகி அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். பாட்டன் பெயரே திரும்பப் பேரனுக்கு வரும். ஆண் வழியில் தேடிப் போனால் ஒரே இரண்டு பெயர்களுக்குள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் வீடு வளவு பெரும்பாலும் சீதனமாக மகளுக்குப் போகும். 1707-இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே முன்னோரிடமிருந்து வரும் முதுசமும், மகளுக்குக் கொடுக்கும் சீதனமும், மணத்துக்குப் பின் சேர்த்த தேடியதேட்டமும் வேறுவேறாக இருக்கின்றன. ஆகவே ஒரு வளவின் உறுதிகளை அடுக்கினால் தாய், மகள், பேத்தி என்று பெண்கள் வரிசையாக வருவார்கள், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்ற விவரத்தோடு. எந்த இலக்க உறுதிப்படி, எந்தத் திகதியில், உறுதி எழுதும் எந்த நொத்தாரிசு முன்னிலையில் தனக்கு உரித்தானது என்றும் எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு முந்திய உறுதிக்குப் போகலாம். ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கும் போயிருக்கும். எல்லைகளையும் படியுங்கள். கிழக்கு எல்லையில் இருக்கும் பெண் பெரும்பாலும் அயலவர் அல்லர், சகோதரி. ஒரே வளவைத்தான் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் மேலாகக் கிணறு. நிலத்தை வேலி போட்டுப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் பங்கை எண்ணில் எழுதினார்கள்: கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமையும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் நாங்கள் நாவற்குழிப் பாலம் கடந்து சாவகச்சேரிக்குப் போனோம். அம்மா ஒரு விசுக்கோத்துப் பேணியை நெஞ்சோடு அணைத்திருந்தார். வழியில் நான் வாங்கிக்கொள்ளக் கேட்டபோதும் தரவில்லை. உள்ளே நகை இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா இறந்த பிறகுதான் அதைத் திறந்தேன். உறுதிகள். அம்மாவின் சீதன உறுதியில் ‘கிணற்றில் பதினைந்தில் ஒரு பங்கு’ என்றிருந்தது.

அந்தக் கணக்கு எனக்கு இடித்தது. கிணறு பூட்டியுடையது. பூட்டிக்கு மூன்று பெண்கள், ஆகவே அம்மம்மாவுக்கு மூன்றில் ஒன்று. அம்மாவையும் சேர்த்து அம்மம்மாவுக்குப் பெண்கள் நால்வர் என்பதுதான் நான் அறிந்தது. நால்வருக்குப் பிரித்தால் பன்னிரண்டில் ஒன்று வர வேண்டும். பதினைந்து என்றால் ஐவர். நொத்தாரிசு பிழைவிட்டார் என்று முதலில் நினைத்தேன். பங்கு விலைப்பட்டிருக்கலாம் என்று மற்ற உறுதிகளையும் பார்த்தேன், விற்கப்படவில்லை. கடைசியில் கொக்குவிலில் இருந்த ஒன்றுவிட்ட பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: மூத்தவள் ஒருத்தி இருந்தாள், சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுத்தார்கள், முதல் பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. பெயரைக் கேட்டேன். என் அக்காவின் பெயர்.

ஐம்பது வருடம் அந்தப் பெயரைச் சொல்லி அக்காவைக் கூப்பிட்ட அம்மா, அது யாருடையது என்று எங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. எந்தக் குடிசன மதிப்பு எனக்கு இறந்துபோன அந்த மூத்த பெரியம்மாவைக் காட்டியிருக்கும்?

வரும் சனிக்கிழமை அந்தக் கட்டைப் பிரியுங்கள். நூலால் கட்டியிருந்தால் நூலை வெட்டுங்கள், இழுக்க வேண்டாம், தாள் கிழியும். அக்காவையும் பக்கத்தில் இருத்துங்கள். கிணற்றைப் பற்றிய வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்தெழுதி எனக்கு அனுப்புங்கள். அம்மம்மாவோடு பிறந்த பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதையும் சேர்த்து எழுதுங்கள்.