பசை தின்ற பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 15 வயது. ஒரு வருடமாகத் தானே நோட்டு தைத்து, பழைய டிக்கெட், பத்திரிகையில் வெட்டிய படம், துணித்துண்டு, காய்ந்த இலை எல்லாவற்றையும் அதில் ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்து எழுதுகிறாள். இப்போது பிரச்சினை, நோட்டு மூடுவதே இல்லை, விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது. பக்கங்கள் அலை அலையாக நெளிகின்றன. பெயிண்ட் அடித்த இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது கிழிந்துவிட்டது. கோபத்தில் அந்த நோட்டையே குப்பையில் போட்டாள். நான் எடுத்து வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் “குப்பையை எதற்கு ஒட்டுகிறாள், ஓவிய வகுப்பில் சேர்” என்கிறார்கள். சேர்க்கவா? இன்னொன்று, பக்கம் முழுக்க எழுதிவிட்டு அதன்மேல் கறுப்பு அடித்துவிடுகிறாள். அது என்னவென்று நான் பார்க்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் கோளாறுகளில் ஒன்றுகூட ஓவியக் கோளாறு இல்லை. நோட்டு விரிவதும் பக்கம் நெளிவதும் ஒட்டிக்கொள்வதும் காகிதம், பசை, தண்ணீர் ஆகிய மூன்றின் வேலை. ஓவிய வகுப்பில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். பைண்டிங் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

முதலில் நோட்டு ஏன் மூடவில்லை என்பது. எளிய கணக்குதான். 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 120 கிராம் எடை) தாள் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் தடிமன். 40 தாள் சேர்ந்தால் முதுகு, அதாவது தைத்த பக்கம், 6 மில்லிமீட்டர். ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் மட்டும் இன்னொரு காகிதம் ஒட்டினாலே நோட்டின் வாய்ப்பக்கம், அதாவது திறக்கும் பக்கம், 10 மில்லிமீட்டருக்குப் போய்விடும். துணியும் இலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதுகு மட்டும் அதே 6-இல் நிற்கிறது. விரியாமல் என்ன செய்யும்?

தைத்து முடித்த நோட்டுக்கு ஒரே வழி தாளைக் குறைப்பதுதான். மூன்றாவது தாள் ஒவ்வொன்றையும் மடிப்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். மடிப்பை ஒட்டி வெட்டினால் அதற்கு ஜோடியான மறுபாதித் தாள் தையலிலிருந்து கழன்று வந்துவிடும். மிஞ்சி நிற்கும் குட்டைப் பட்டைதான் முதுகுக்குத் தடிமன் தருகிறது. புதிய நோட்டு என்றால் தைக்கும்போதே இதற்கு இடம் வைக்கலாம். நான்கு தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம் வரும்; அச்சகத்தில் இதை ஃபாரம் என்பார்கள். ஒவ்வொரு ஃபாரத்திலும் 3 சென்டிமீட்டர் அகலப் பட்டைகள் மூன்றை நடுவில் மடித்துத் தாள்களுக்கிடையே வைத்துச் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். துணி அதிகம் ஒட்டுகிறவள் என்றால் ஐந்து பட்டை. மடிப்பு ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் எதுவும் ஒட்டாமல் விடுவது நல்லது. அங்கே ஒட்டியதுதான் முதலில் உரியும்.

தையல் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனாலும் தொடக்கத்தில் எல்லோரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. மூன்று துளைத் தையலில் ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே போய், மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே போய், மறுபடி நடுத்துளையில் உள்ளே வரும். இரண்டு நுனிகளும் நீளத் தையலுக்கு இருபுறமும் நிற்கும்படி வைத்து முடிச்சுப் போட வேண்டும். நூல் நோட்டின் உயரத்தைப்போல மூன்று மடங்கு போதும். இறுக்கும்போது நூலை மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். தாளுக்குச் செங்குத்தாக, தன்னை நோக்கி இழுத்தால் துளை வாய் கிழிந்துவிடும். நூலில் மெழுகை ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது.

இனி நெளிவு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் கூடுவதில்லை, பக்கவாட்டில் பருக்கும். அதனால் தாள் நாரோட்டத்துக்குக் குறுக்கே விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. தாளை மெதுவாக நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இணக்கமாக வளைகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் போக்கில் நார் ஓடுகிறது. நார் முதுகுக்கு இணையாக இருக்கும்படி மடித்தால் பாதி நெளிவு அங்கேயே தீர்ந்துவிடும். குறுக்காக மடித்த நோட்டு மடிப்பிலேயே சொரசொரப்பாக உடைந்து நிற்கும்.

மீதிப் பாதி பசையால் வருவது. வெள்ளைப் பசையில் இருப்பதில் பாதிக்கும்மேல் தண்ணீர்தான். டப்பாவிலிருந்து நேரே பக்கத்தில் ஊற்றி விரலால் தேய்ப்பது எல்லோரும் செய்வது, அதுதான் தப்பு. பசையைப் பக்கத்தில் தடவக்கூடாது, ஒட்டப்போகும் துண்டில் தடவ வேண்டும். தட்டை பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெல்லிய ஒரே பூச்சு. துண்டு முதலில் சுருளும்; சுருள் தளரும்வரை அரை நிமிடம் பொறுத்து, பிறகு பக்கத்தில் வைத்து மேலே ஒரு காகிதம் போட்டு நடுவிலிருந்து வெளியே தேய்க்க வேண்டும். சுருள் தளர்வதற்குள் ஒட்டினால் ஒட்டிய பிறகு விரிந்து சுருக்கம் விழும். கடைசியாக இருபுறமும் பிளாஸ்டிக் தாள் வைத்து நோட்டை மூடி, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். திறந்து வைத்து ஃபேனில் காயவைத்த பக்கத்தை எதுவும் காப்பாற்றாது. பத்திரிகைத் தாள் போன்ற மெல்லியதற்கு கிளூ ஸ்டிக் போதும், அதில் தண்ணீர் குறைவு. செலோ டேப் மட்டும் வேண்டாம்; சில வருடத்தில் பழுத்து உரிந்து, பழுப்புக் கறையை விட்டுவிட்டுப் போகும்.

பெயிண்ட் அடித்த பக்கங்கள் ஒட்டியதற்குக் காரணம் அக்ரிலிக். அது அடிப்படையில் ஒருவகை பிளாஸ்டிக். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் மென்மை போகாது. இரண்டு அக்ரிலிக் பரப்பை அழுத்தி, வெயில் காலத்தில் வைத்தால் ஒட்டத்தான் செய்யும். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும், ஓரிரு நாள் காயட்டும். பிறகு சாயமில்லாத மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் ஒட்டுவது வெகுவாகக் குறையும். ஒரு எச்சரிக்கை, மெழுகு தேய்த்த இடத்தில் பேனாவும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. எல்லாம் முடிந்த பக்கத்துக்கு மட்டுமே மெழுகு. அதுவரை இடையில் பட்டர் பேப்பர்.

குப்பை என்கிற உறவினர்களுக்கு: ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டையும் மிட்டாய்த் தாளையும்தான் ஒட்டினார். 1919-இல் தன் கலைக்கு அவர் வைத்த ‘மெர்ட்ஸ்’ என்ற பெயரே ஒரு விளம்பரத்திலிருந்து வெட்டிய அரைச்சொல். பிகாசோ 1912 முதல் ஒட்டிய செய்தித்தாள்கள் இன்று அருங்காட்சியகங்களில் பழுத்துக் கிடக்கின்றன. செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் மிச்சம் இருப்பதால் அது பழுக்கும். பிகாசோ ஒட்டியது என்று அதற்குத் தெரியாது. பழுப்பு பிடிக்காவிட்டால் உங்கள் மகள் அசலை விட்டுவிட்டு, லேசர் நகலை நல்ல தாளில் எடுத்து ஒட்டலாம். இங்க்ஜெட் நகல் வேண்டாம், பெரும்பாலும் பசை ஈரத்தில் கலங்கிவிடும்.

இலைக்கு ஒரு வரி: உறிஞ்சுதாள்களுக்கு நடுவில் இரண்டு மூன்று வாரம் அழுத்தி, தாளை அடிக்கடி மாற்றி, ஈரமே இல்லை என்று ஆன பிறகுதான் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் பூஞ்சை.

ஓவிய வகுப்பு? அவள் கேட்டால் சேருங்கள். நோட்டைச் ‘சரி செய்ய’ என்று சேர்த்தால் நோட்டு நின்றுவிடும்.

எழுதியதன் மேல் கறுப்பு அடிப்பது இந்த வகை நோட்டுகளில் சாதாரணமாகச் செய்கிற ஒன்று. எழுதிவிட வேண்டும், ஆனால் யாரும் படிக்கக்கூடாது. 15 வயதில் இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படும். பார்க்காதீர்கள். தூக்கம், சாப்பாடு, பேச்சு எதிலாவது மாற்றம் கண்டு கவலைப்பட்டால் அதை அவளிடமே நேராகக் கேளுங்கள், நோட்டைக் கிளறி விடை தேட வேண்டாம். வேண்டுமானால் மறைப்பதற்கு நல்ல வழிகளைச் சொல்லிக் கொடுக்கலாம். தண்ணீரில் கரையும் மையில் எழுதினால் அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் அதில் நிறம் கசிந்து ஏறும், பென்சில் என்றால் பெயிண்ட் சாம்பல் பூத்துவிடும். நிறமி மை (தண்ணீரில் கரையாத மை) அல்லது பால்பாயின்ட் ஓரளவு நிற்கும். அதைவிடச் சுலபம், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் மேலோரம் விட்டு வெளியோரமும் கீழோரமும் அரை சென்டிமீட்டர் பசையில் ஒட்டிவிட்டால் ஒரு பை கிடைக்கும். எழுதிய தாளை மடித்து உள்ளே போட்டு, மேல்வாயையும் நூலால் தைத்து மூடிவிடலாம். பிரித்தால் நூல் அறுந்தது தெரிந்துவிடும்.

குப்பையிலிருந்து எடுத்த நோட்டு உங்களிடம் இருப்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள். கிழிந்த இரண்டு பக்கத்தை நீங்கள் ஒட்ட முயல வேண்டாம். இடையில் பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனம் எதுவும் ஏற்றாமல் நிற்க வையுங்கள்.