வாசகர் கேள்வி பதில்: சிறு பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகன், அடுத்த மாதம் நாங்கள் அங்கே போகும்போது ஒரு சிறு பீர் ஆலையைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்கிறான். முன்பு வேறோர் ஊரில் இப்படிப் போய், கண்ணாடிக்கு அப்பால் இருந்த தொட்டிகளைப் பத்து நிமிடம் பார்த்து, ஒரு கோப்பை குடித்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம். போவதற்கு முன்பே நல்ல இடத்தை எப்படி அடையாளம் காண்பது?
— கும்பகோணம் வாசகர்

பதில்: கண்ணாடிக்கு இப்பால் நிறுத்தியே காட்டி அனுப்பிவிட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வேலை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், அந்த வேலையைச் செய்கிறவரே பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்வதில்தான் இத்தகைய சுற்றின் முழுப் பயனும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் இடம் குறுகலாக இருந்தாலும், தரை ஈரமாக இருந்தாலும், கடைசியில் ஊற்றித் தரும் பீர் சுமாராகவே இருந்தாலும் போன காரியம் வீணாகாது.

ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, எந்தக் கிழமையில் பீர் காய்ச்சுகிறார்கள், எத்தனை மணிக்குத் தொடங்குகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான சிறு ஆலைகளில் வேலை காலையிலேயே தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிந்துவிடும். மால்ட் என்பது முளைவிடச் செய்து உலர்த்திய பார்லி. அதை அரைத்து வெந்நீரில் கலந்து, 62 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள்; தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். சூடு 62ஐ ஒட்டி இருந்தால் பீர் இனிப்புக் குறைந்து இலேசாக அமையும், 70ஐ ஒட்டி இருந்தால் அடர்த்தியாக நாவில் தங்கும் என்பதால், காய்ச்சுபவரின் கண் வெப்பமானியை விட்டு அகலாது. பிறகு இனிப்புச் சாற்றை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நடக்கும் சுற்றில் இவற்றில் எதையும் நீங்கள் பார்க்க முடியாது. கழுவிக் கவிழ்த்த சட்டிகளைப் பார்க்கத்தான் பணம் கட்டியிருப்பீர்கள்.

அழைத்துச் செல்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. விற்பனைப் பிரிவிலிருந்து வருபவர் நன்றாகப் பேசக்கூடும். ஆனால் நீங்கள் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால், மனப்பாடம் செய்துவைத்த பேச்சு அங்கேயே நின்றுவிடும். பெங்களூருவில் நான் போயிருந்த ஓர் ஆலையில், ரப்பர் பூட்ஸ் அணிந்திருந்த காய்ச்சுநர் ஒருவர் நொதிக்கும் தொட்டியின் சிறு குழாயைத் திறந்து, கலங்கலாக இருந்த பீரைக் கால் கோப்பை பிடித்து, குடிக்காமல் முகர்ந்து மட்டும் பார்க்கச் சொன்னார். வெண்ணெய் வாசம் அடித்தது. அது டைஅசிட்டைல் என்னும் பொருளின் வாசம் என்றும், நொதித்தலின்போது உண்டாகும் அதனை இன்னும் சில நாட்களில் ஈஸ்ட்டே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றும், அவசரப்பட்டுத் தொட்டியைக் குளிர்வித்தால் அந்த வாசம் பீரிலேயே தங்கிவிடும் என்றும் அவர் விளக்கினார். அடுத்த தொட்டியில் அதே வகை பீர் ஒரு வாரம் கூடுதலாக இருந்தது. அதில் வெண்ணெய் வாசம் துளியும் இல்லை. ஒரே பண்டத்தை இரண்டு கட்டங்களில் அடுத்தடுத்து முகர்ந்த அந்த இரண்டு நிமிடங்களில் தெரிந்துகொண்டதை, சுவரில் மாட்டியிருக்கும் எந்த வண்ணப் படமும் சொல்லித் தராது.

இன்னும் தயாராகாத பண்டத்தைக் காட்டத் தயங்காத ஆலை எதையும் மறைக்காது என்று நம்பலாம். குழுவில் எத்தனை பேர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு மேல் போனால், விசையியக்கக் குழாய்களின் இரைச்சலில் பின்வரிசையில் நிற்பவருக்கு ஒன்றுமே காதில் விழாது.

கேள்வி: நான் மது அருந்துவதில்லை, அருந்தும் எண்ணமும் இல்லை. என் கணவரும் அவருடைய நண்பர்களும் போகும்போது நானும் உடன் போனால் எனக்குப் பார்க்க ஏதாவது இருக்குமா, அல்லது ஓரமாக உட்கார்ந்திருக்க நேருமா?
— மன்னார்குடி வாசகி

பதில்: நல்ல ஆலையாக இருந்தால் நிச்சயமாக இருக்கும். நல்ல ஆலையா என்று சோதிக்க இதைவிடச் சிறந்த வழியும் இல்லை: குடிக்காத ஒருவருக்கு அங்கே ஒரு மணி நேரம் போவது தெரியவில்லை என்றால், அந்தச் சுற்று நேர்மையாக அமைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

உங்கள் கையில் வறுத்த மால்ட் நான்கைந்து வகைகளைத் தரச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மணிகளை மென்று பாருங்கள். வெளிர் மால்ட் பிஸ்கட்டைப் போல் இருக்கும். 200 டிகிரிக்கு மேல் வறுத்த கறுப்பு மால்டில் காப்பிக்கொட்டையின் கசப்பும் மணமும் இருக்கும். கறுப்பு பீரின் நிறம் பெரும்பாலும் இந்த வறுவலிலிருந்தே வருகிறது. வடித்தெடுத்த இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். ஈஸ்ட் இன்னும் படாத அதில் துளியும் ஆல்கஹால் கிடையாது. சூடாக ஒரு சிறு குவளையில் வாங்கிக் குடிக்கலாம். ஹாப்ஸை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோல், பச்சைப் புல், பிசின் ஆகிய மூன்றும் கலந்தாற்போன்ற மணம் எழும். கையில் ஒட்டும் அந்தப் பிசுக்கு சோப்பு போட்டாலும் எளிதில் போகாது. கொதியின் தொடக்கத்தில் சேர்த்தால் கசப்பும் கடைசியில் சேர்த்தால் மணமும் தரும் இந்தப் பூவை எப்போது, எவ்வளவு போடுகிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். உடன் வந்தவர்கள் கோப்பைக்காகக் காத்திருக்கும் நேரத்தில், ஆலையைப் பற்றி அவர்களைவிடக் கூடுதலாக நீங்கள் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

கேள்வி: மால்ட் செய்வது நாம் விதை நெல்லை முளைகட்டுவது போன்றதுதான் என்று படித்தேன். அப்படியானால் நம் பக்கத்து நெல்லிலேயே பீர் செய்ய முடியாதா?
— நீடாமங்கலம் விவசாயி

பதில்: நீங்கள் படித்தது சரிதான். விதை நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டிவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலுக்கு எடுத்துப் போகிறீர்கள். பார்லியையும் அப்படியே ஊறவைத்து நான்கைந்து நாள் முளைவிடச் செய்கிறார்கள். ஆனால் முளை வளர்ந்து தானியத்திலுள்ள மாவையெல்லாம் தின்றுவிடுவதற்கு முன், சூடான காற்றால் உலர்த்தி அந்த வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள். முளைக்கும்போது உண்டான நொதிகள் உலர்ந்த மணிக்குள் காத்திருந்து, வெந்நீர் பட்டதும் மாவைச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்குகின்றன. சிறு ஆலைகள் பெரும்பாலும் இதைத் தாங்களே செய்வதில்லை, மூட்டையாகத்தான் வாங்குகின்றன. ஆகவே மால்ட் தயாரிப்பை அங்கே பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அரிசியைப் பொறுத்தவரை, பெரிய நிறுவனங்கள் பல காலமாகவே பார்லியுடன் அரிசியையும் சேர்த்துக் காய்ச்சி வருகின்றன; பீர் இலேசாகவும் தெளிவாகவும் வருகிறது. தீட்டிய அரிசியில் நொதி கிடையாது என்பதாலும், அதன் மாவு இளகுவதற்குப் பார்லியைவிடக் கூடுதல் சூடு வேண்டும் என்பதாலும் அதைத் தனியாக வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். உமி இல்லாத அரிசி வடிகட்டும் படுகையையும் அடைத்துக்கொள்ளும். பார்லியின் உமிதான் அங்கே சல்லடையாக நிற்கிறது. நீங்கள் போகும் ஆலையில் அரிசியோ கேழ்வரகோ சேர்த்த பீர் இருந்தால், எந்த அரிசி, எங்கிருந்து, எவ்வளவு என்று கேளுங்கள். நெல் விளைவிக்கும் ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது காய்ச்சுபவருக்கும் மகிழ்ச்சியாகவே இருக்கும்.

கேள்வி: கடைமடையில் நாங்கள் தண்ணீருக்காக வானத்தையும் மேட்டூரையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெங்களூருவில் காவிரித் தண்ணீரில் பீர் காய்ச்சுவதை வேடிக்கை பார்க்கப் போவது சரிதானா?
— திருவாரூர் வாசகர்

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் ஆலைக்குள்ளேயே நின்று கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெங்களூருவின் குழாய்க் குடிநீரில் பெரும்பகுதி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது, கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் தேவைக்கென்றே ஒதுக்கப்பட்டது. டெல்டாவிலிருந்து போகிறவருக்கு இது நினைவில் இருப்பது நியாயமே.

ஆலைக்குத் தண்ணீர் குழாயில் வருகிறதா, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தா, லாரியிலா என்று கேளுங்கள். ஒரு லிட்டர் பீருக்கு மொத்தம் எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதையும் கேளுங்கள். நன்கு நிர்வகிக்கப்படும் பெரிய ஆலைகள் மூன்று நான்கு லிட்டரில் முடித்துவிடுகின்றன; சிறு ஆலைகளில் ஆறு ஏழு லிட்டரோ அதற்கு மேலோ ஆவது வழக்கம். காய்ச்சுவதற்கான நீரைவிடத் தொட்டிகளையும் குழாய்களையும் கழுவுவதற்கும், கொதித்த சாற்றை ஆறவைப்பதற்குமே அதிகம் செலவாகிறது. ஆறவைக்கப் பயன்பட்ட நீர் சூடாகிவிடுவதால், அதை வீணாக்காமல் தொட்டியில் பிடித்து மறுநாள் மால்டைக் கலக்கப் பயன்படுத்த முடியும். அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்த ஆலையை மதிக்கலாம். இந்தக் கேள்விக்கே முகம் சுளிக்கும் ஆலைக்கு இன்னொருவரைப் போகச் சொல்லி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சக்கையைப் பற்றியும் கேட்கத் தவறாதீர்கள். ஆயிரம் லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 200 கிலோ மால்ட் பிடிக்கும். சாறு வடிந்த பிறகு அதைவிடக் கூடுதலான எடையில் ஈரச் சக்கை மிஞ்சும். புரதம் மிகுந்த நல்ல மாட்டுத் தீவனம் அது. ஆனால் முக்கால் பங்குக்கு மேல் ஈரம் என்பதால் நம் வெயிலில் இரண்டு நாளில் புளித்துக் கெட்டுவிடும். வடிகட்டும் தொட்டியின் கதவைத் திறந்து, ஆவி பறக்கும் சக்கையைக் காய்ச்சுபவர் மண்வெட்டியால் இழுத்துத் தள்ளும் காட்சியைப் பார்க்க நேர்ந்தால், அது எந்தப் பண்ணைக்கு, எந்த நேரத்தில் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றன்றே மாடு வளர்ப்பவரிடம் போய்ச் சேர்கிறதென்றால் நல்ல ஏற்பாடு.

கேள்வி: உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் நான் மேற்படிப்புக்காக ஐரோப்பா செல்கிறேன். அங்கே பார்த்தே தீர வேண்டிய ஆலைகள் எவை?
— மயிலாடுதுறை மாணவர்

பதில்: இரண்டைச் சொல்வேன். பிரஸ்ஸல்ஸ் நகரில் 1900இல் தொடங்கப்பட்ட காண்டியோன் ஆலையில் ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதே இல்லை. கொதித்த சாற்றைக் கூரைக்கடியில் உள்ள அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் இரவு முழுவதும் திறந்து வைக்கிறார்கள். காற்றிலும் மரத்திலும் உள்ள நுண்ணுயிர்களே நொதிக்கச் செய்கின்றன. வெயில் காலத்தில் சாற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகிவிடும் என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே அங்கே காய்ச்ச முடியும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு பீப்பாய்களைக் கலந்து அவர்கள் செய்யும் கூஸ் என்னும் புளிப்பு பீரை நுண்ணுயிரியல் படித்த ஒருவர் சுவைத்துப் பார்ப்பது அவசியம். மற்றொன்று செக் நாட்டின் பில்சன் நகரிலுள்ள பில்ஸ்னர் உர்குவெல். 1842இல் யோசெஃப் குரோல் பொன்னிற லாகர் (குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்கவிடும்) பீரை முதன்முதலாகக் காய்ச்சிய இடம் அது. ஆலை பெரியதென்றாலும், குளிர்ந்த நிலவறையில் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேரடியாகப் பிடித்துத் தருவதற்காகவே போகலாம்.

ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஹைனகன் கட்டடத்தில் 1988ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது அது கண்காட்சி. வரலாறு அறியப் போகலாம். தொழில் கற்க விரும்பும் மாணவருக்கு அது போதாது.

கேள்வி: எத்தனை கோப்பை சுவைக்கலாம், என்ன உடுத்திப் போக வேண்டும், பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: அறுபது, எழுபது மில்லிலிட்டர் அளவில் நான்கு வகைகள் போதும், வெளிர் பீரில் தொடங்கிக் கறுப்பில் முடியுங்கள், இல்லாவிட்டால் இலேசானவை நாவில் ஏறாது. வெறும் வயிற்றில் போகாதீர்கள். வண்டி ஓட்டுபவர் ஒரு மிடறுகூடச் சுவைக்கக் கூடாது. தரை வழுக்கும், வெந்நீர்க் குழாய்கள் கால் மட்டத்தில் ஓடும் என்பதால் மூடிய காலணி கட்டாயம். நொதிக்கும் தொட்டிகளிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும்; எந்தத் தொட்டிக்குள்ளும் தலையை நீட்டிப் பார்க்காதீர்கள். பல இடங்களில் 21 வயதுக்கான சான்று கேட்பார்கள் என்பதால் பிள்ளைகளைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதித்தாலும், கொதிகலன் ஓடும் இடத்துக்குச் சிறு குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம்.