அண்ணாச்சி பதில்கள்: ரத வீதிக் கடையை இடிக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, டவுன் தெற்கு ரத வீதியில் எங்க தாத்தா காலத்துக் கடை. கீழே வியாபாரம், மேலே மச்சு. போன ஐப்பசி மழையில் மட்டப்பா (மொட்டைமாடித் தளம்) ஒழுகியது. கீழ்ச்சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது, இத்தனைக்கும் சிமெண்ட் பூசிக் கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. இடித்துவிட்டு காங்கிரீட் போடச் சொல்கிறார் கொத்தனார்.

பதில்: அவசரப்படாதீங்க. சுவர் உதிர்வதற்குக் காரணம் வயசு இல்லை, அந்த சிமெண்ட்தான். செங்கலும் சுண்ணாம்புக் காரையுமான பழைய சுவர் தரை ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அது பூச்சு வழியாகவே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் பூசியதும் வழி அடைபட்டு, ஈரம் உள்ளுக்குள்ளேயே மேலே ஏறுகிறது, கூட வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளிவிடுகிறது. மறுபடி சிமெண்ட் பூசினால் அடுத்த தடவை தோள் உயரத்தில் உதிரும், அவ்வளவுதான். அதைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பே பூசுங்கள். தை, மாசி தோதான மாதம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும், சித்திரை வெயிலில் பூசினால் வெடித்துவிடும்.

அப்புறம் மட்டப்பா. கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், தேக்கு உத்தரம், அதன்மேல் வரிசையாகக் கட்டைகள், அதுக்கும் மேலே சின்னச் செங்கலைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு என்கிற தட்டை ஓட்டைப் பதிப்பார்கள். (கருப்பட்டிக்கு நம்ம பக்கம் பஞ்சமா?) ஒழுகல் பெரும்பாலும் தட்டோட்டு இடுக்கிலோ தண்ணீர் இறங்கும் தூம்பிலோதான் இருக்கும். பயப்பட வேண்டிய இடம் வேறே: கட்டையின் நுனி சுவருக்குள் போகிற இடம். ஈரமும் கரையானும் அங்கேதான். உளியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம். ரத வீதிக் கடைகளில் பக்கத்துக் கடையோடு பொதுச்சுவர் இருப்பது சகஜம். இடிக்கப் போனால் பக்கத்துக் கடைக்காரருடைய உத்தரமும் உங்கள் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும்!

கேள்வி: பின்கட்டு ஓட்டில் ‘பாசல் மிஷன் 1865’ என்று அச்சு இருக்கிறது. கடை அப்போது கட்டியதா?

பதில்: இல்லை. அது மங்களூரில் பாசல் மிஷன் என்கிற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு ஓட்டு ஆலை தொடங்கிய வருஷம். பிறகு வந்த ஓடுகளிலும் அதே அச்சுதான். கடையின் வயசுக்குப் பழைய கிரயப் பத்திரத்தைத் தேடுங்கள்.

கேள்வி: கடையை அடைக்கிற மரப் பலகைகளில் எண் எதற்கு?

பதில்: கையால் இழைத்த பலகை ஒவ்வொன்றும் ஒரு அகலம். பலகை செருகுகிற காடியில் வரிசை மாறினால் கடைசிப் பலகை நுழையாது, பூட்டவும் முடியாது. ஷட்டர் போட்டாலும் அந்தப் பலகைகளை மரக்கடைக்குத் தள்ளிவிடாதீங்க.